பதினாறாயிரம் முகவரிகள்

விண்ணப்பத்தில் பொய் எழுதியது நான்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூரில் இன்டர்நெட் இணைப்பு தரும் கம்பெனி ஒன்றைத் தொடங்கியபோது, எனக்குப் பதினாறாயிரம் வாடிக்கையாளர்கள் என்று எழுதி, அத்தனை இணைய முகவரிகள், அதாவது இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் வேண்டிய எண்கள், கேட்டிருந்தேன். உண்மையில் இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஒருவர் என் மைத்துனர். எல்லாம் மின்சார ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற புத்திதான்.

முகவரி வழங்கும் அமைப்பிலிருந்து சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. தேவையை நிரூபித்தால்தான் முகவரி; பொய் என்று தெரிந்தால் விண்ணப்பமே தள்ளுபடி. எனக்கோ திங்கட்கிழமை திறப்பு விழா. அவர் போன் லைனுக்கு ஒன்றாக வைத்திருந்த ஒவ்வொரு மோடத்தின் மேலும் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்து வைத்து எண்ணினார்.

“இன்னா சார், போன் லைனு முப்பதுதான் கீது. ஒரே நேரத்துல முப்பது பேருதான் உள்ள வர முடியும். ஒருத்தர் போனை வெச்சா அவரு முகவரி அடுத்தவருக்கு. பதினாறாயிரம் எதுக்கு?”

“நாளைக்கு வளருவோம் இல்லையா சார்…”

“வளருங்க. குடுத்ததை ரொப்பிட்டு வந்து கேளுங்க, இன்னும் தருவாங்க. இப்பவே புடிச்சி வெச்சிகினா அடுத்து வர்றவனுக்கு இன்னா மிஞ்சும்?”

பதினாறாயிரத்தை அடித்து, அறுபத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. ஏன் விட்டார் என்று புரியவில்லை; என் முகத்திலிருந்த நேர்மையைப் பார்த்திருப்பார் என்று முடிவுசெய்தேன்.

அவரை ஸ்டேஷனில் விட்டுத் திரும்பிய எங்கள் லைன்மேன் சொன்னார்: “ஆவடில ஒருத்தரு லட்சம் கேட்டாராம் சார். உங்க பொய்யி ரொம்பச் சின்னதுன்னு சிரிச்சிகினே போனாரு.”