கொட்டிய மரக்கால்

தானியம் அளக்கும் மரக்கால் ஒன்றுக்குள் மூன்று டென்னிஸ் பந்துகள் கிடந்தது இன்னும் நினைவிருக்கிறது. எண்பதுகளின் நடுவில், செஞ்சியில் அதிகாரிகள் ஆடும் மைதானத்தில் உருளை இழுக்கும் கூலிவேலை எனக்கு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன், அங்கே சில மாதம் தங்கினேன். மரக்கால் அளவுக்காரருடையது. மண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அளந்தவர். மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்த பிறகு அவரால் குனிய முடியவில்லை. குனியாத வேலை கிடைக்காவிட்டால் மனைவியும் மகளும் கல் அறுக்க, குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போவதைத் தவிர வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மேலதிகாரி ஆட வருவதாக இருந்தது. கணக்கை உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், சரியாகச் சொன்னால் மைதானத்துக்கு வாட்ச்மேனாக வைத்துக்கொள்கிறேன் என்று, வேலை கேட்டு வந்த அளவுக்காரரிடம் சொன்னார் எங்கள் அதிகாரி. நான் மண்ணில் மல்லாட்டையை வைத்து அளவுக்காரருக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன்.

"மொத பாயிண்டு பதினஞ்சு, அடுத்தது முப்பது, அப்பறம் நாப்பது மாமா."

"நாப்பத்தஞ்சு இன்னாடா ஆச்சு?"

"வெள்ளக்காரன் அளந்தது."

"மண்டியில இப்பிடி அளந்தா கைய ஒடிச்சிடுவான்" என்று சிரித்தார்.

இருவரும் நாற்பதில் நின்றால் சமம். அதன்பின் ஒரு பாயிண்ட் எடுத்தவன் முந்துகிறான். அடுத்ததையும் எடுத்தால்தான் ஆட்டம் அவனுக்கு. விட்டால் மறுபடி சமம். இதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அப்ப முந்துனது?"

"போச்சு."

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. கொட்டிய மரக்காலைத் திரும்ப அள்ளக் கூடாது; வாயால் சொன்ன எண் ஏறும், இறங்காது. அந்த வழக்கத்திலேயே அவருக்குத் தலை நரைத்திருந்தது. ஆனாலும் அன்று முழுவதும் "சமம், சமம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம்வரை ஒரு தப்பும் இல்லை; அதுவரை முந்தியவர் யாரும் மறுபடி சமத்துக்கு இறங்கவில்லை. நாற்பதுக்கு நாற்பது. மேலதிகாரி முந்தினார், அளவுக்காரர் அறிவித்தார். அடுத்த பந்தை மேலதிகாரி வலையில் அடித்துவிட்டார். அளவுக்காரர் பந்து போட்டு வைத்திருந்த தன் மரக்காலைப் பார்த்தார். "சமம் சொல்லு மாமா" என்றேன். அவரோ, "பெரிய அய்யா முந்தினாரு" என்று பழையதையே சொன்னார். அடுத்த பாயிண்டை மேலதிகாரி எடுத்ததும், "ஆட்டம் பெரிய அய்யாவுக்கு" என்றார்.

மேலதிகாரி மட்டையைத் தாழ்த்தினார். "என்னை ஜெயிக்க வைக்கச் சொல்லி ஆள் வெச்சிருக்கியா?" என்று எங்கள் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது.

"கொட்டுனத எப்பிடிங்க அள்றது?" என்றார் அளவுக்காரர். அங்கே அது யாருக்கும் விளங்கவில்லை. நான் விளக்கப் பார்த்தேன். உருளை இழுப்பவன் பேச்சு எங்கே எடுபடும்? நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்று அளவுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில், சூளைக்குக் கிளம்பி நின்ற அளவுக்காரரையும் மனைவி, மகளையும் பார்த்தேன். பந்துகள் கிடந்த மரக்காலில் மகளின் துணிகளைத் திணித்திருந்தார்கள்.

"மறுபடி சமம்னா, அதுவரிக்கும் ஓடுனதெல்லாம் எங்கடா போவுது?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது.

அதன் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன், எதிலும் நிலைக்கவில்லை. ஏதோவொரு ஓட்டல் டிவியில் டென்னிஸ் ஓடும். முந்தியவன் ஒரு பந்தை விடுவான். எண் சத்தமில்லாமல் நாற்பதுக்கு இறங்கும். பார்க்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அந்த மரக்கால்தான் தெரியும்: பந்துகளோடு அல்ல, துணிகளோடு.