காதுகுத்துக்கு ஒரு புரோகிராம்

எங்கள் பக்கம் ஆவணி பிறந்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று பத்திரிகைகள் வந்து குவியும். ராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிற எனக்கு, அவற்றைக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பைத்தான் மொழியில் ஒரு டிக்‌ஷனரி போட்டேன். யார் வீடு என்று ஒரு பக்கம், அதற்கு நேராக விசேஷத் தேதி. தேதிப்படி வரிசைப்படுத்த ஒரே ஒரு வரி. அடுத்த சாப்பாடு எங்கே என்பது முதலில் வந்து நிற்கும்.

அந்த மிதப்பில் எந்தத் தேதியையும் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்கா போனில் தேதி சொன்னபோதெல்லாம், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றேன். அம்மாவும் அய்யாவும் சீர்த்தட்டோடு கிளம்பியபோதுகூட, இத்தனை நாள் முன்னாலேயே எதற்கு என்று சிரித்தேன். அய்யா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை கைலியோடு தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"ஏலே, எங்கன இருக்க? ஆசாரி வந்து உக்காந்திருக்காரு."

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். முதலில் 02-09, பங்காளி வீட்டுப் புதுமனை. ஆகக் கடைசியில் 28-08, அக்கா. தேதிகளை வெறும் எழுத்தாகவே கொடுத்திருந்தேன். அது இடப்பக்கமிருந்து எழுத்தெழுத்தாகப் பார்த்து, இரண்டுக்கு முன்னால் பூஜ்யம் என்று செப்டம்பரைக் கொண்டுபோய் ஆகஸ்டுக்கு மேலே உட்கார வைத்துவிட்டது. இதே தப்பை அடுத்தவருக்குத் திருத்திக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

கட்டிய கைலியோடு வண்டியை எடுத்தேன். உப்பூர் பக்கத்துக் குலதெய்வக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து, பிள்ளை அழுது ஓய்ந்திருந்தாள். சித்தப்பா மகன் பட்டு வேட்டியில் மடியைத் தயாராக வைத்திருந்தான். நானும் மாமன்தானே என்று அவன் கேட்டும் அக்கா விடவில்லையாம். நல்ல நேரம் எப்போதோ முடிந்து, ராகு காலம் தொடங்கியிருந்தது. ராகு காலத்தில் பால்கூடக் காய்ச்சாதவள் அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரம் போய்விட்டதே என்று திணறினேன்.

அக்கா பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"நீ வந்தேல்ல, இதுதான் நல்ல நேரம். உக்காரு."

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.