லாரி டியூபுக்கு ஒரு தளம்

எங்கள் நாகர்கோவில் பக்கம் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சிக்கு அடங்கியிருந்த காலம். அந்த ஐப்பசி மழையில் பழையாறு கரை உடைத்து, சுசீந்திரம் ரோட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே வயலெல்லாம் ஒரே வெள்ளம். நிறைமாதமாக இருந்த அக்காவுக்கு விடிகாலையில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வயல்காட்டில் வள்ளத்துக்கு எங்கே போவது?

அத்தான் லாரி ஓட்டுகிறவர். பேசச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை. அவரைக் கட்டியதற்காக அக்காவை நான் கேலி செய்யாத நாளில்லை. அன்றைக்கும் அவர் பேசவில்லை. வீட்டில் கிடந்த ஒட்டுப்போட்ட நாலு டியூபுகளைச் சைக்கிள் பம்பால் அடித்துச் சேர்த்துக் கட்டினார். அதன் மேல் ஆள் இருக்கத் தளம் வேண்டுமே! பலாப்பலகையை வைத்தார், கனத்தில் டியூப் பாதி முங்கியது. மூங்கிலைத் தடவிப் பார்த்தார். கணு ரப்பரைக் கிழிக்கும் என்று தள்ளினார். கடைசியில் பந்தலுக்குப் பிளந்து வைத்திருந்த கமுகை, பாக்குமரத் துண்டுகளை எடுத்தார். வழுவழுப்பான முதுகு கீழே வரும்படி அடுக்கி, ரப்பருக்கும் அதற்கும் நடுவே சாக்குக் கொடுத்து, கயிற்றால் இறுக்கினார். ஏறி மிதித்தார், வளையவில்லை. வைக்கோலெல்லாம் நனைந்து கிடந்ததால் பச்சைத் தென்னோலையை வெட்டி மேலே விரித்தார். எனக்கு அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

அப்போதுதான் சித்தி அலறினாள். "ஐயோ, பச்சோலையும் விரிச்சாச்சு, இது பாடையில்லா! உயிரோட இருக்கப்பட்ட பிள்ளைய இதிலயா கெடத்தப் போறிய?"

அத்தான் ஓலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அக்கா என் தோளைப் பிடித்துப் படியிறங்கி வந்தாள்.

"பாடையில போறவ உக்காந்தா போவா சித்தி? நான் உக்காந்தே போறேன்."

அத்தானும் அப்பாவும் மார்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டேன். வலி எழும்போதெல்லாம் அவள் உடம்பு துடித்தது. "கொஞ்சம் சாஞ்சுக்கக்கா" என்று கெஞ்சினேன். சித்தி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சாயவே இல்லை. அப்படியொரு பிடிவாதக்காரியை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

அத்தான் ரோட்டில் நிறுத்தியிருந்த லாரியிலும் உட்கார்ந்தேதான் வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டிலைக் காட்டியதும் என் கையை இறுகப் பற்றினாள்.

"ஏட்டி, இனி நான் படுக்கலாமா?"

நான் அவள் தோளைத் தாங்கி மெல்லப் படுக்க வைத்தேன். பொழுது சாயுமுன் மகள் பிறந்தாள். இரண்டு உயிரும் தங்கின.