பார்த்தவர்கள் இல்லாத ஆட்டம்

டோர்வல் விமான நிலையத்தில் நான் சக்கர நாற்காலி தள்ளிய காலம் அது. ஒருநாள் வந்த கிழவருக்கு நீண்ட கைகள், கோணிய விரல்கள். விமானம் இரைந்தால் உடனே நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்ப்பார். இளமையில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியவராம். மைதானத்தின் எல்லையோரம் நின்று பந்து பிடிப்பது அவர் வேலை. பழைய அணி அவருக்கு விழா எடுக்க அழைத்திருந்தது.

விமானத்தில் ஏறும் வாசலை நெருங்கியபோது, "வீட்டுக்குத் திருப்புங்கள்" என்றார் பிரெஞ்சில்.

"ஏன்?"

"என்னோடு ஆடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. நான் எதைச் சொன்னாலும் அங்கே நம்பிவிடுவார்கள். அது பயமாக இருக்கிறது."

திரும்பும் வழியில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் மறித்தார்.

"என்ன அண்ணை, ஆளைத் திருப்பிக் கொண்டு வாறீங்கள்?"

"பயணம் வேண்டாமாம். பேஸ்போல் விளையாடின ஆள்."

"நல்லா விளையாடுவாரோ?"

"தெரியாது" என்றேன்.

நாற்காலியில் இருந்தவரிடமே கேட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.