கூடைக்குள் போன கை

முழங்கால் வலிக்கு நல்லது என்று மருமகள் என்னை அரவேணு சமூகக்கூடத்து யோகா வகுப்புக்கு அனுப்பிவைத்தாள். கால் மடங்கவில்லை, காது மட்டும் வேலை செய்தது. உடம்பை வளைக்கும் முன் மனதைப் பழக்க வேண்டுமாம். யாரையும் நோகடிக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, திருடக் கூடாது என்று டீச்சர் பெண் சொன்னாள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ஏழெட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் பக்கமே நான் போனதில்லை. அது வேறு கதை. அம்மா கொழுந்து பறிக்கும் எஸ்டேட்டுக்குக் கூடவே போவேன். அவளுக்குப் பக்கத்துத் தேயிலை வரிசை சித்தியுடையது. சித்தி காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், கை ஓடவில்லை. இரண்டு நாள் கொழுந்து எடை குறைந்துவிட்டது. மூன்றாம் நாளும் குறைந்தால் மேஸ்திரி களை வெட்ட அனுப்பிவிடுவார். அந்த உடம்புக்கு அது தாங்காது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் நல்ல மூடுபனி. சித்தி முன்னால் குனிந்து பறித்துக்கொண்டிருக்க, அவள் முதுகுக் கூடைக்குள் அம்மாவின் கை போவதைப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

எடை போடும் இடத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"மேஸ்திரி, எங்கம்மா சித்தி கூடைக்குள்ள கைய உட்டுதுங்க!"

"ஏனம்மிணி, கூடப்பொறந்தவ கூடையேதான் கெடச்சுதா?" என்றார் மேஸ்திரி. பெண்கள் சிரித்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, எடுத்தனுங்க" என்றாள்.

அம்மாவின் கூடையைத் தராசில் மாட்டினார்கள். அத்தனை குறைந்த எடை அவளுக்கு வந்ததே இல்லை. சித்தியின் கூடை தேவைக்கு மேலேயே இருந்தது.

"எடுத்தவ கூடை எளச்சிருக்குது, குடுத்தவ கூடை பருத்திருக்குது. நல்ல திருட்டும்மிணி!" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்த கூடையைக் கூப்பிட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வரும் வழியில் சித்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உன்ற கொழுந்துல எனக்கு வேலை வேண்டாக்கா."

மறுநாள் யாரும் சொல்லாமலே அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா பறிப்பதை நிறுத்தி நிறுத்தி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடிக்குப் பக்கத்தில் யார்தான் நிற்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற பெருமை வேறு எனக்கு.