கல்குட்டையில் போன தாலி

கீழ்க்கட்டளையில் எங்களுக்கு ஆறு ஏது, குளம் ஏது? ஆடிப்பெருக்கென்றால் கல்குட்டைதான். ஒரு காலத்தில் அது கல் உடைத்த குவாரி. தோண்டத் தோண்ட ஊற்றுக் கிளம்பி, மோட்டார் போட்டும் அடங்காமல், அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வயலெல்லாம் மனையாகிவிட்டது. இறங்கிக் குளிக்கிற மாதிரி மிச்சமிருக்கிற தண்ணீர் அது ஒன்றுதான்.

போன ஆடியில் என் மனைவி அங்கே தாலிக் கயிறு மாற்றினாள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று, முதலில் புதுக் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டாள். பழைய கயிற்றிலிருந்து தாலியையும் குண்டுகளையும் உருவி, புதுக் கயிற்றில் கோக்கும்வரை ஒரு வெற்றிலையில் மடித்து வைத்தாள். பழைய கயிறும் வாடின பூவும் இன்னொரு வெற்றிலையில். பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் வீசினாள். பூவும் கயிறும் என்றால் மிதக்கும். இது நேரே உள்ளே போனது.

அப்போது எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? தாலி கிடைக்காமல் வீட்டுக்கு வர மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ கோபமான கோபம். அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு வேலை பார்த்திருக்கக் கூடாதா?

போன் போட்டதும் அவள் தம்பி, என் மச்சான், பெருங்களத்தூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். கையில் பெரிய காந்தம். தங்கத்தை எந்தக் காந்தமய்யா இழுக்கும்? கேட்டால் முறைக்கிறான். நான் பரணிலிருந்து பாதாளக் கரண்டியை எடுத்து வந்தேன். கிணறு இருந்த நாளில் விழுந்த வாளியை எடுத்த கொக்கி அது. மதியம்வரை துழாவியதில் ஒரு ஹெல்மெட்டும் பழைய துணிமூட்டையும் வந்தன.

பிறகு சட்டையைக் கழற்றினேன். நான் நீச்சல் பழகியதே அந்தக் குட்டையில்தான். கல்லைப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருப்பார்கள். பொட்டலம் முதல் படியில் தங்கியிருக்கும் என்று என் கணக்கு. மச்சான் கையைப் பிடித்துத் தடுத்தான். நான் கேட்கிற ஆளா? முதல் முழுக்கில் கை நிறையச் சேறு வந்தது. அடுத்ததில் மூச்சை அடக்க முடியவில்லை. மேலே வந்து பாறையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பொய் சொல்வானேன், பயந்துபோனேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். நீச்சல் தெரியாதவள்.

"யோவ், மேல வாய்யா. அது போனா போவட்டும்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னை வாய்யா என்றது அன்றைக்குத்தான். மறுபேச்சில்லாமல் கரையேறினேன்.

புதுத் தாலி செய்யலாமென்று நகைக்கடைக்குக் கூப்பிட்டேன். வரவில்லை.

"அதான் நீங்க கீறீங்களே. இது போதும்."

இன்றும் கழுத்தில் மஞ்சள் கிழங்குதான். காய்ந்து சுருங்கினால் வேறொன்று கட்டிக்கொள்கிறாள். நான் வாக்கிங் போவதென்றால் குட்டை இல்லாத பக்கமாகத்தான் போக வேண்டும்; அவள் உத்தரவு.