கண்ணாடியில் ஒட்டிய உப்பு

மேற்கிலிருந்து பெட்ரோல் பங்குக்கு வரும் வண்டி எதுவானாலும் அதன் முன்கண்ணாடியை ஐலிதான் துடைப்பாள். துடைப்பதற்கு முன் சுட்டுவிரலால் கண்ணாடி ஓரத்தில் ஒரு கோடு இழுப்பாள். வண்டிக்காரர் சில்லறை தேடக் குனிகிற நேரமாகப் பார்த்து அந்த விரலை நாக்கில் வைத்துக்கொள்வாள். உப்புக் கரித்தால் அன்றைக்கு அவள் சுடும் ஹக்கிள்பெர்ரிக் காட்டுப்பழப் பலகாரத்தில் சர்க்கரை ஒரு பிடி கூடும்.

அமெரிக்காவின் மேற்கோரத்து ஓரிகன் கடற்கரையிலிருந்து மலை மாநிலமான மொன்டானாவில் இருந்த அந்தப் பெட்ரோல் பங்குக்கு அறுநூறு மைல். நடுவில் மூன்று மலைத்தொடர், ஒரு பாலைவனம், கோதுமை வயல்களாகவே ஒரு பகல். அத்தனையும் தாண்டிக் கண்ணாடியில் உப்புத் தங்குமா? தங்கும். வேண்டியவர் நாக்குக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தங்கும்.

"கடல் எப்படி இருந்துச்சு?" என்று வண்டிக்காரர்களைக் கேட்பாள். பிறந்த வீட்டுப் பக்கமிருந்து வந்தவர்களிடம் அம்மாவின் உடம்பு எப்படி என்று விசாரிக்கிற குரல். அவர்களோ தேசியப் பூங்காவில் கரடி பார்க்கும் அவசரத்தில், "ஈரமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐலி ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறிய மீனவர் வீட்டுப் பெண். கொலம்பியா ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே அவள் ஊர். பத்தொன்பது வயதில், பூங்காவைப் பார்க்க அப்பாவோடு பழைய வண்டி ஒன்றில் மலையேறி வந்தாள். கணவாய் உச்சியில் வண்டி புகை கக்கி நின்றது. அப்பா பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் புகைக்குழாய் பிடிக்க உட்கார்ந்தார். முதலில் வந்தது, அந்த மலையில் பெட்ரோல் பங்கு வைத்திருந்த டெல்மரின் இழுவை வண்டி.

மொன்டானா மலைக்காரர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பானட் திறந்து நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகக் கூடாது. பனிக்காலத்தில் தாண்டிப் போனால் உள்ளே இருப்பவர் விடிவதற்குள் விறைத்துவிடுவார் என்பதால் வந்த வழக்கம் அது. மற்றவர்கள் பனிக்காலத்தோடு அதை முடித்துக்கொள்வார்கள். டெல்மருக்கு ஆகஸ்ட் மாதத்திலும் பனிக்காலம்தான். அவன் இழுத்து வந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் மினியாபொலிஸ் வரை போகும். பக்கத்து ஊர்க்காரர்கள் சிகாகோ வரை என்பார்கள். அது கொஞ்சம் மிகை. கரடிகள்கூட அவன் இழுவை வண்டியின் சத்தத்தை அறிந்து சாலையை விட்டு ஒதுங்கி நிற்கும். குட்டிகளுக்கு அந்த வண்டியைக் காட்டிப் பழக்கும் என்று கேள்வி.

அன்று அப்பாவின் வண்டியைச் சரிசெய்ய அவன் தேவைக்கு மேல் நாள் எடுத்துக்கொண்டான். வண்டி கிளம்பியபோது ஐலி அதில் இல்லை.

"வருஷா வருஷம் உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்பது கல்யாணத்துக்கு முன் அவன் கொடுத்த வாக்கு. பொய் சொல்லவில்லை, வருஷா வருஷம் கிளம்பினார்கள். தேனிலவில் பக்கத்து மாநிலமான ஐடஹோ வரை போனார்கள். மாடு ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது. மாடுகளோடு திரும்பி வந்தார்கள். பிறகு ஒரு வருஷம் கோதுமை வயல் வரை, இன்னொரு வருஷம் கொலம்பியா ஆற்றின் முதல் பாலம் வரை. அப்பா இறந்தபோதுகூடப் பனி கணவாயை மூடிவிட்டது. கடலைத் தவிர எல்லாவற்றையும் ஐலி பார்த்துவிட்டாள்.

"தாண்டிப் போயிடு" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்றால், எந்த வாயால் சொல்வது? அன்று அவன் தாண்டிப் போயிருந்தால்?

வீட்டுக்குப் பின்னால் பைன் காடு. காற்றடித்தால் கடல்போலவே இரையும். வந்த புதிதில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு மூடப் பழகினாள். கடல் மூச்சை வெளியே விட்டபின் உள்ளே இழுக்கும். இந்த மரங்கள் விட்டுக்கொண்டே இருக்கும், இழுப்பதே இல்லை. அந்த இழுப்புக்காகக் காத்திருந்து காத்திருந்து அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

அப்படியே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்தக் கோடையின் கடைசி விடுமுறைக்குக் கிளம்பும்போது, ஐலி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இழுவை வண்டியில் ஏறினாள். வேறு வண்டியை நம்பி டெல்மர் எங்கும் போனதில்லை.

"டெல், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்தத் தடவையும் பாதியில திரும்புச்சுன்னா, நான் இறங்கி பஸ் புடிச்சிருவேன்."

"போயிட்டு வாயேன். எத்தனை நாளு?"

"திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேன்."

டெல்மர் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டான்.

அந்தப் பயணத்தில் சாலை அவர்கள் பக்கம் இருந்தது. ஐடஹோவில் ஒரு பானட்கூடத் திறக்கவில்லை. கோதுமை வயல்களில் ஒரே ஒரு டிராக்டர். அதுவும் டெல்மர் இறங்கி நடப்பதற்குள் தானே பயந்து கிளம்பிவிட்டது. போர்ட்லண்டைத் தாண்டினார்கள். மரங்களில் பாசி தொங்கும் கடைசி மலைத்தொடரில் ஏறினார்கள். ஐலி ஜன்னலை இறக்கினாள். ஈரக் காற்றில் மீன்வலை வாசம் இருந்தது. இன்னும் முப்பது மைல்.

வளைவில் வண்டி திரும்பியது. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே வைத்த வீட்டு வண்டி ஒன்று சாலையோரம் நின்றது. பானட் திறந்திருந்தது.

டெல்மர் ஐலியைப் பார்க்கவில்லை. பிரேக் தானாகவே விழுந்ததுபோல் விழுந்தது.

அந்த வண்டி ஹோல்கம் என்ற வயதான தம்பதியுடையது. காலையில்தான் கடற்கரையிலிருந்து கிளம்பி, கிழக்கே யாகிமாவில் இருக்கும் தங்கள் ஆப்பிள் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கியர்பெட்டி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை, போர்ட்லண்டில் ஒரு பட்டறையும் திறந்திருக்காது.

"ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றான் டெல்மர். வாய் தன் பாட்டுக்குப் பேசியது. "யாகிமாவுக்கே இழுத்துட்டுப் போயிடலாம். எங்க வீட்டுக்குப் போற வழிதானே." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. திரும்பி ஐலியைப் பார்த்தான். அவள் பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் கொக்கியை எடுத்துக்கொண்டு வீட்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். தலையை எங்காவது ஒளித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐலி இறங்கினாள். டெல்மரின் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நேரே போய்த் தங்கள் வண்டியின் பானட்டைத் தூக்கினாள். இத்தனை வருஷம் ஸ்பானர் எடுத்துக்கொடுத்த கை அது. எஞ்சினுக்கு மின்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பினாள். உள்ளே சுற்றும் ரோட்டரை, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத, ஆனால் அது இல்லாமல் எஞ்சின் பிடிக்காத அந்தச் சின்னச் சாமானை, உருவிக் கோட்டுப் பையில் போட்டாள். மூடியைப் பழையபடி மாட்டினாள்.

நிமிர்ந்தால் எதிரே ஹோல்கம் அம்மாள்.

"எண்ணெய் பாத்தேன்" என்றாள் ஐலி.

"பாக்கணும்மா. நல்லாப் பாக்கணும்" என்றாள் அந்த அம்மாள், அவள் கோட்டுப் பையைப் பார்த்தபடி. "கடலுக்கா போயிட்டிருந்தீங்க?"

"இருபத்தஞ்சு வருஷமா போயிட்டிருக்கோம்."

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து ஐலியின் கையில் வைத்தாள்.

கொக்கி மாட்டியாயிற்று. டெல்மர் ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். இறங்கிப் பானட்டைத் தூக்கினான். கை பழக்கத்தில் நேராக டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போனது. மூடியைத் திறந்தான். ரோட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டு துருத்திக்கொண்டு நின்றது.

ரோட்டர் தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது ஐலிக்கும் தெரியும். அவள் சாலையின் மேற்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, பெப்பர்மின்ட் வாயில் கரைய நின்றாள். கோட்டுப் பைக்குள் கை இறுகியிருந்தது. கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான்.

டெல்மர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு மூடியை மெதுவாகப் பொருத்தி, கிளிப்பை ஒவ்வொன்றாக அழுத்தினான்.

"என்னன்னே தெரியல" என்றான்.

"என்னப்பா இது?" என்று ஹோல்கம் கிழவர் அலுத்துக்கொண்டார். "இப்பத்தான் மொன்டானாவுலயே பெரிய மெக்கானிக்னு சொன்ன?"

"சில வண்டி அப்படித்தாங்க. புரியறதுக்கு ரொம்ப நாளாகும்." காதுமடல் சிவந்துபோய் நின்றான். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் வண்டியின் பானட் சாலையோரத்தில் திறந்து கிடந்தது.

மேற்கிலிருந்து ஓர் இழுவை வண்டி வந்தது. கவிழ்ந்த மரலாரிகளைத் தூக்குவதற்கென்றே செய்த ராட்சசன். அதிலிருந்து இறங்கிய தாடிக்காரன் இரண்டு பானட்டையும் பார்த்தான், டெல்மரின் கொக்கியைப் பார்த்தான், வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு ஐலியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"ஏய், ஐலிதானே நீ? பள்ளிக்கூடத்துல என் ஷூவுக்குள்ள நண்டு விட்டியே!"

"டோய்வோ! அந்த நண்டு உன்கிட்ட கடன், திருப்பிக் குடு."

"எங்கடி போயிருந்தே இத்தனை வருஷமா?"

"வர்ற வழியில கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றாள் ஐலி.

"ஊருக்கே போயிடலாம், வீட்டு வண்டிய என் பட்டறையில பாத்துக்கறேன்" என்று டோய்வோ எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் மாட்டினான். முன்னால் ராட்சசன், நடுவில் டெல்மரின் இழுவை வண்டி, பின்னால் வீட்டு வண்டி. ரயில்போல இறங்கினார்கள். நடு வண்டியின் ஸ்டியரிங்கை ஹோல்கம் கிழவர் பிடித்துக்கொண்டார். டெல்மர் டோய்வோவின் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டான். வழியில் ஒரு கார் பானட்டைத் திறந்து நின்றது. டெல்மர் துடித்தான். "சங்கிலியோட நிக்க முடியாது. என் தம்பிக்குச் சொல்றேன்" என்று டோய்வோ ரேடியோவை எடுத்தான். டெல்மர் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கடைசி வளைவில் சத்தம் முதலில் வந்தது. விட்டது. இழுத்தது.

மணலில் இறங்கியதும் ஐலி ஷூவைக் கழற்றினாள். ஓடவில்லை. தண்ணீர் தானே வரட்டும் என்று நின்றாள். அது வந்து கணுக்காலைப் பிடித்து, காலுக்கு அடியிலிருந்த மணலை உருவிக்கொண்டு போனது. அவள் தோள் இரண்டும் இறங்கின.

டெல்மர் பூட்ஸோடு ஈரம் படாத தூரத்தில் நின்று கத்தினான். "இந்தச் சத்தத்த எப்பத்தான் ஆஃப் பண்ணுவாங்க?"

மூன்றாம் நாள் அவன் உள்ளங்கையை நீட்டினான். ஐலி கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சிப்பியை எடுத்து அதில் வைத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது பொருந்தாது போலிருக்கே" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை அவள் தண்ணீரிலிருந்து திரும்பினாள். டெல்மர் ஒரு மரக்கட்டைமேல் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கிழக்கே, மேகத்துக்குள் பாதி மறைந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அங்கே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் போல. அந்தப் பார்வையை ஐலிக்குத் தெரியும். அதை அவள் பெட்ரோல் பங்கின் ஜன்னல் கண்ணாடியில், தன் முகத்திலேயே, கால் நூற்றாண்டு பார்த்திருக்கிறாள்.

அவனைத் தாண்டி, மணலோரம் நிறுத்தியிருந்த தங்கள் வண்டிக்கு நடந்தாள். பானட்டைத் தூக்கினாள். மூடியைத் திறந்து ரோட்டரை அதன் தண்டில் உட்கார வைத்தாள். சிப்பியிலும் மணலிலும் உரசி அதன் ஓரம் பளபளத்திருந்தது.

மறுநாள் கிளம்பும்போது டெல்மர் துணியை எடுத்துக்கொண்டு முன்கண்ணாடியிடம் போனான். உப்பு படிந்து பனி பிடித்ததுபோல் இருந்தது.

"தொடைக்காதே" என்றாள் ஐலி.

"ரோடு தெரிய வேணாமா?"

"தெரியற வரைக்கும் போதும்."

திரும்பும் வழியில் மூன்று பானட்டுகள். முதலாவதை ஐலிதான் காட்டினாள். ஐடஹோவில் மழை பிடித்துக்கொண்டது. டெல்மர் வைப்பரைப் போடாமல், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நனைந்துகொண்டே மலையேறினான். மழைக்கு அது தெரியுமா? கழுவிக்கொண்டுதான் போனது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ஐலி பெட்டியோடு இறங்கி உள்ளே போனாள். பைன் காட்டில் காற்று விட்டுக்கொண்டே இருந்தது. சமையலறை ஜன்னலை அவள் மூடப் போனாள், மூடாமல் நின்றாள். வெளியே டெல்மர், யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி, வைப்பர் ரப்பருக்கு அடியில் எஞ்சியிருந்த வெள்ளைக் கோட்டை விரலால் வழித்து, நாக்கில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கடல் எப்படி இருக்கு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

டெல்மர் திடுக்கிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "கொஞ்சம்தான் இருக்கு" என்றான். "வா, உனக்கும் வச்சிருக்கேன்."